ஒன்பது சேவலும் இரண்டு பூட்டும்

பூங்காவனத்தின் வீட்டுக் கொல்லை கிழக்கு மேற்காக இருபத்திரண்டு அடி, தெற்கு வடக்காகப் பதினான்கு அடி. ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கும் கல், முன்பு ஆடு கட்டிக்கொண்டிருந்து பிறகு கோழிக்கு விட்ட ஒரு சாய்ப்புக் கொட்டகை. வேறெதுவும் கிடையாது. 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட நான் போனபோது அந்த இடத்துக்குள் ஏழு பெட்டைகளும் பத்துச் சேவல்களும் இருந்தன.

நான் கால்நடைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ரெட்டிபாளையத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் தெருவில் கோழி வைத்திருப்பவர்களுக்கு இன்னமும் நான்தான் ஊசி போடுகிறேன். ஏழு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு என்றாலே ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். பத்து இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பெட்டைகளின் முதுகிலேயே பார்த்தேன். ஏழில் ஐந்துக்கு முதுகில் இறகே இல்லை. பத்துச் சேவலும் மாறி மாறி மிதித்து, நகம் கிழித்து, தோல் சிவந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் தாயான சாம்பல் பெட்டைக்கு வலது விலாவில் இரண்டு அங்குல நீளத்துக்குக் காயம். அது முருங்கைக் கிளையை விட்டு இறங்க மறுத்தது.

"இத்தனை சேவல எதுக்கும்மா வச்சிருக்க? ஒன்ன வச்சுக்கிட்டு மிச்சத்த வித்துடு. இல்ல, அடிச்சுக் கொழம்பு வச்சுடு" என்றேன்.

பூங்காவனம் கையிலிருந்த கோழியை அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று.

"கால பாருங்க சார்."

குனிந்து பார்த்தேன். பத்தில் ஒன்பது சேவல்களின் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. சிலவற்றில் அது வெளுத்து நூலாகிப்போயிருந்தது.

"எல்லாம் சாமிக்கு நேர்ந்துவிட்டது. நான் எப்புடி சார் கைய வப்பேன்?"

அவள் புருஷன் கண்ணையன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அவருடைய குலதெய்வம் வீரனார். கோயில் வாலிகண்டபுரத்துப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. கண்ணையனின் தாத்தா காலத்தில் அங்கிருந்து இங்கே வந்து தங்கிவிட்டார்கள். பங்காளிகள் அங்கேயே இருக்கிறார்கள். வைகாசி கடைசி வெள்ளியில் படையல் போட்டு, வேண்டிக்கொண்டவர்கள் சேவல் கொடுப்பது வழக்கம்.

வேண்டிக்கொள்கிறவர்கள் பொதுவாக வாயால் சொல்லிவைப்பார்கள். படையலுக்கு முதல் வாரம் சந்தையில் ஒரு சேவலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். பூங்காவனத்துக்கு அந்த நிதானம் கிடையாது. மனசில் பயம் வந்த அந்த நிமிடமே கொல்லைக்குப் போய், கையில் அகப்பட்ட சேவல் குஞ்சின் காலில் மஞ்சள் துணியைக் கட்டிவிடுவாள். கட்டினால் அது சாமி சொத்து. விற்கக்கூடாது, தின்னக்கூடாது, மாற்றுச் சேவல் கொடுக்கவும் கூடாது.

வருஷா வருஷம் படையல் நடந்திருந்தால் இதில் ஒரு சிரமமும் இருந்திருக்காது. 2022 வைகாசிப் படையல் முடிந்த மறுவாரம் கோயிலுக்கு சிமெண்ட் தளம் போட்டார்கள். அதற்கு ஒரு கல்வெட்டு வைத்தார்கள். அதில், பங்காளிகளுக்குள் மூத்தவரான மேலத்தெரு அரியமுத்துவின் பெயர் முதலிலும் கீழத்தெரு ராஜவேலின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தன. அத்தோடு பேச்சு நின்றது. ராஜவேல் கோயில் கதவில் ஒரு பூட்டுப் போட்டார். மறுநாள் அரியமுத்து அதன் மேலேயே இன்னொரு பூட்டைப் போட்டார். 2023இல் படையல் இல்லை. 2024இலும் இல்லை.

இங்கே பூங்காவனத்தின் வீட்டில் பயம் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சேவலுக்கும் அது எதற்காக நேரப்பட்டதோ அதையே பெயராக வைத்திருந்தாள். ஊசி போடும்போது நான் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். முட்டுவலி, குரூப் ஃபோர், பிரேக்கு, போர், மாடு, பிரஷர், பட்டா, இரண்டாவது குரூப் ஃபோர், சிந்து. பிரேக்கு என்பது கண்ணையனின் லாரி கல்குவாரி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன நாளில் கட்டியது. குரூப் ஃபோர் இரண்டும் மகன் பரணிதரனின் பரீட்சைக்காக.

"பரணி ரெண்டு தடவையும் பாஸாகலையேம்மா. நடக்காத வேண்டுதலுக்கு எதுக்குச் சேவல்?"

"சாமி குடுக்கலங்கிறதுக்காக நான் பேச்சு மாறுவனா சார்?"

கடைசிச் சேவல் செவலை நிறம். அதுதான் மகள் சிந்துவுக்காக. சிந்துவை செந்துறையில் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துவிட்டது. அந்த இரண்டு முறையும் பூங்காவனம் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. 2024 நவம்பர் 24ஆம் தேதி சிந்து மூன்றாவது முறையாகப் போன் செய்து சொன்னதும், போனை வைத்த கையோடு அந்தச் செவலையின் காலில் துணி கட்டினாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அது வீரனாருக்கு.

பெட்டைகளை அதிகம் கிழித்தது அந்தச் செவலைதான்.

கொல்லையை இரண்டாகப் பிரித்து சேவல்களைத் தனியே அடைக்கச் சொன்னேன். கண்ணையன் பழைய மீன் வலையையும் சவுக்குக் கம்புகளையும் வைத்து எட்டடிக்குப் பதினான்கு அடியில் அடைப்புக் கட்டிக் கொடுத்தார். அது என் தவறு. பெட்டை கண்ணில் படாத இடமாக இருந்தால் சேவல்கள் கூட்டாக அடங்கியிருக்கும். அந்தக் கொல்லையில் அப்படி மறைவான இடம் ஏது? வலைக்கு இந்தப் பக்கம் பெட்டை, அந்தப் பக்கம் பத்துச் சேவல். மூன்றாம் நாள் மாடு என்ற சேவலுக்கு இடது கண் போயிற்று. ஐந்தாம் நாள் வலை கிழிந்தது.

பூங்காவனம் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பெட்டைகளின் முதுகில் தடவினாள். பிறகு பழைய ரவிக்கைத் துணியை வெட்டி, இறக்கைக்குக் கீழே நாடா விட்டு முதுகுக்கு ஒரு மூடி தைத்துப் போட்டாள். அடுத்த வீட்டு ஜெயசித்ரா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கோழிக்கு ஜாக்கெட்டா? என் தீபாவளி ஜாக்கெட்டு இன்னும் தைக்காம கெடக்குது, அதையும் குடுக்கவா?"

"கொண்டா, தச்சுத் தரேன்."

"அதெல்லாம் வேணாம். ஒங்க பிரஷர கொஞ்சம் கொறைங்க. எங்க வூட்டு ஓட்டு மேல ஏறி நின்னு கத்துது. அவுரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து இப்பதான் படுத்தாரு. 'பிரஷர் ஏறிடுச்சு'ன்னு நான் சொல்ல, அவுரு எனக்குத்தான் பிரஷருன்னு பதறி எந்திரிக்கிறாரு."

பூங்காவனம் சிரித்தாள். ஆனால் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். சாம்பல் பெட்டையின் மகள்களில் ஒன்று செத்துக் கிடந்ததாம். மார்ச் 9ஆம் தேதி அது. ஏப்ரல் 3ஆம் தேதி இன்னொன்று போயிற்று. பெட்டைகள் ஐந்தாயின. ஏழு பெட்டைகள் நாளுக்கு நான்கு முட்டை கொடுத்துக்கொண்டிருந்த வீட்டில் இப்போது வாரத்துக்கு மூன்றுதான் கிடைத்தது.

ஏப்ரல் கடைசியில் சிந்துவுக்கு வளைகாப்பு நடந்தது; அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் ஜூலை 15 என்று தேதி சொல்லியிருந்தார். உடம்பில் இரத்தம் குறைவு, தினம் முட்டை கொடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். பூங்காவனம் இரண்டு வருஷமாக அந்தப் பெட்டைகளைக் காப்பாற்றி வந்ததே மகளின் பிரசவத்துக்காகத்தான். மகளுக்காக நேர்ந்த சேவல் மகளுக்காக வளர்த்த பெட்டைகளைக் கொன்றுகொண்டிருந்தது.

"அந்தச் செவலைய மட்டுமாச்சும் எங்கயாவது விட்டுட்டு வந்துடலாமே?" என்று கண்ணையன் என் முன்னால்தான் கேட்டார்.

"என்னங்க பேச்சு இது? துணி கட்டுன அன்னிலேருந்து சிந்துவுக்கு ஒரு கொறையும் இல்ல. அதுக்கு ஏதாச்சும் ஆயி, இவளுக்கு ஏதாச்சும் ஆனா, நீங்களும் நானும் உசுரோட இருப்பமா?"

"அப்ப பெட்டைங்க சாவட்டும்ங்கிற."

"அதுவும் சாவக்கூடாது."

கண்ணையன் என்னைப் பார்த்தார்.

மே 20 வாக்கில் அவள் ஒரு முடிவோடு வந்தாள். "சார், ஒம்போதையும் கோயிலுக்கே கொண்டுபோறேன். வெயில்ல ஒன்னுகூட சாவாம கொண்டுபோவணும். நீங்க கூட வரணும்."

"கோயில்தான் பூட்டியிருக்கே?"

"அதுக்குத்தான் போறேன்."

மே 25, ஞாயிற்றுக்கிழமை. அக்கினி நட்சத்திரம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. காலை ஐந்து மணிக்குச் சேவல்களின் கால்களைக் கட்டி, இரண்டு மூங்கில் கூடைகளில் ஐந்தும் நான்குமாக வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். கண்ணையன் ஒரு கூடையையும் பூங்காவனம் ஒரு கூடையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். அரியலூரில் பெரம்பலூர் பஸ் ஏறும்போது கண்டக்டர் மறித்தார்.

"யம்மா, இது பஸ்ஸா, கோழிச் சந்தையா?"

"சாமி சேவல் தம்பி."

அவர் சாக்கைத் தூக்கி மஞ்சள் துணிகளைப் பார்த்தார். "ஒம்போதா! ஒரே வூட்டுக்கா? அப்புடி என்னம்மா தப்பு பண்ணீங்க?" என்றார். ஆனால் கூடைகளை ஓட்டுநர் பின்னால் நிழலுள்ள பக்கம் அவரே நகர்த்தி வைத்தார். பெரம்பலூரில் வண்டி மாறினோம். ஒன்பதேகாலுக்குக் கோயில் வாசலில் இருந்தோம். ஒன்பது சேவலும் உயிரோடு இருந்தன. முட்டுவலி மட்டும் சற்று மூச்சு வாங்கியது. தண்ணீர் காட்டினேன். சரியாகிவிட்டது.

மாதத்தின் கடைசி ஞாயிறு பங்காளிகள் கூடும் நாள். கூடுவது என்றால், கோயிலுக்கு மேற்கே உள்ள வேம்பின் கீழ் மேலத்தெருக்காரர்கள் பதினான்கு பேர், கிழக்கே புங்கை மரத்தின் கீழ் கீழத்தெருக்காரர்கள் பதினொரு பேர். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பூட்டிய கம்பிக் கதவு. இருபத்தைந்தும் ஆண்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. பூங்காவனம் கல்யாணமாகி வந்த முப்பது வருஷத்தில் அங்கே வாய் திறந்ததில்லை.

அவள் இரண்டு கூடைகளையும் கதவுக்கு நேரே வைத்தாள்.

"மாமா, கதவத் தொறந்துவிடுங்க. நேர்ந்துவிட்டத உள்ள விட்டுட்டுப் போயிடுறேன்."

அரியமுத்து எழுபதைத் தாண்டியவர். துண்டை உதறித் தோளில் போட்டார். "யாரு, கண்ணையன் பொண்டாட்டியா? ஏன்டா கண்ணையா, நீ சொல்ல மாட்டியா? எம்பேரு கல்லுல இருக்குறபடி இருக்கும்னு ஒத்துக்கிட்டா இந்தப் பூட்டு தொறக்கும்."

"கல்ல மாத்தாம என் பூட்டு தொறக்காது" என்று ராஜவேல் கிழக்கே இருந்து, யாரையும் பார்க்காமல், புங்கை மரத்திடம் சொன்னார்.

கண்ணையன் தலையைச் சொறிந்தார். பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி மாமா. சாமிய நீங்க ரெண்டு பேரும் பூட்டி வச்சிருக்கீங்க. சாமி சொத்து என் கொல்லையில கெடந்து என் கோழியெல்லாம் கொல்லுது. சாவி யாருகிட்ட இருக்கோ அவங்கதான சாமி சொத்தப் பாத்துக்கணும்? ஒங்ககிட்ட ஒரு சாவி, அவுங்ககிட்ட ஒரு சாவி. ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க. தொறக்குறப்ப குடுத்துடுங்க. அதுவரைக்கும் விக்கக்கூடாது, தின்னக்கூடாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

வேம்பின் கீழே யாரோ சிரித்தார்கள். அரியமுத்து திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மஞ்சள் துணி கட்டிய சேவலை எல்லார் முன்னிலையிலும் வேண்டாம் என்று சொல்ல எந்தப் பங்காளியாலும் முடியாது. ஆனால் ஒப்புக்கொள்ளவும் அரியமுத்துவுக்கு மனமில்லை. அப்போது ராஜவேலின் தம்பி கூடைகளை எட்டிப் பார்த்தார்.

"இதுல அஞ்சு இருக்கு, அதுல நாலுதான் இருக்கு. அஞ்சு யாருக்கு?"

"பெரியவருக்குத்தான்" என்று மேலத்தெருவில் ஒரு குரல்.

"அதென்ன எப்பவும் அவருக்கே முதல்ல? நாங்க என்ன கொறைச்சலா? அஞ்சு எங்களுக்கு!"

அடுத்த இருபது நிமிடம் நடந்தது எனக்கு இன்றும் நம்ப முடியாதது. ஒரு சேவல்கூட வேண்டாம் என்றிருந்தவர்கள் ஐந்தாவது சேவலுக்காக வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அந்த ஐந்தாவது செவலை, பிறக்கப்போகும் பிள்ளைக்காக நேர்ந்தது என்று கண்ணையன் சொன்னதும் இன்னும் சூடு ஏறியது. பிள்ளைக்கு நேர்ந்ததை யார் வீட்டில் காப்பது என்பது மரியாதை விஷயமாகிவிட்டது. கடைசியில் வயதில் மூத்தவர் என்பதால் ஐந்து அரியமுத்துவுக்குப் போயின. ராஜவேல் நான்கை வாங்கிக்கொண்டார். அதில் மாடு என்ற ஒற்றைக் கண் சேவல் இருப்பதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பூங்காவனம் காலிக் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "செவலைய அடிச்சுத் தின்னுட்டாங்கன்னா?" என்று பெரம்பலூர் வரை நான்கு முறை கேட்டாள்.

அவர்கள் தின்னவில்லை. மே 29ஆம் தேதி அரியமுத்துவின் மனைவி வீராயி போன் செய்தார். பூங்காவனம் ஸ்பீக்கரில் போட்டாள். நான் சாம்பல் பெட்டையின் காயத்துக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி பூங்காவனம், இது சேவலா எமனா? எட்டுப் பெட்டை வச்சிருக்கேன். ஒன்னும் தரையில எறங்க மாட்டேங்குது. அந்தச் செவலை ஒங்க மாமா காலக் கொத்திப்புடுச்சு. பாத்ரூம் போவக்கூட கம்பு எடுத்துக்கிட்டுப் போறாரு."

"மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுங்கத்த. பெட்டைக்கி."

"மாமாவுக்கு?"

"அவுருக்கும் அதையே போடுங்க."

ராஜவேல் வீட்டில் வேறு மாதிரி. அவருடைய மகன் முத்தமிழ்செல்வன் ஆசையாக வளர்த்த சேவலை, ஒற்றைக் கண் மாடு ஒரே காலையில் ஓட ஓட விரட்டியது. ஓடிய சேவல் பக்கத்து ஊர் போய்ச் சேர்ந்தது. விடியற்காலை மூன்றரை மணிக்கு மேலத்தெருவில் ஐந்து கூவினால் கீழத்தெருவில் நான்கு பதில் கொடுத்தன. ஜூன் 3ஆம் தேதி வீராயியும் ராஜவேலின் மனைவியும் மூன்று வருஷத்துக்குப் பிறகு தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். கல்வெட்டைத் திருப்பிப் போட்டு, எழுத்து இல்லாத பக்கம் மேலே வரும்படி வாசற்படியாகப் பதித்துவிடலாம் என்றது அந்த இருவரில் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இருவருமே தான்தான் என்கிறார்கள். ஜூன் 5ஆம் தேதி, சேவல்கள் போன பதினோராம் நாள், இரண்டு பூட்டும் திறந்தன.

ஜூன் 13, வைகாசி கடைசி வெள்ளி, படையல் நடந்தது. எட்டுச் சேவல்கள் கொடுக்கப்பட்டன. செவலையை அரியமுத்து கால் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். "இதையும் முடிச்சுடலாமா?"

"புள்ள பொறந்தப்புறம்தான் மாமா. அப்புடித்தான் சொல்லியிருக்கேன்."

"அதுவரைக்கும் என் வூட்லயா?" அவர் குரலில் இருந்தது கெஞ்சல்.

இரண்டு தெருவும் கலந்து பேசி, செவலையைக் கோயில் மதிலுக்குள்ளேயே விடுவது என்று முடிவாயிற்று. ஒரு நாள் மேலத்தெரு, ஒரு நாள் கீழத்தெரு தீனியாகக் கம்பு போட வேண்டும். தினம் கதவைத் திறக்க வேண்டியிருந்ததால் பூட்டு மறுபடி ஏறவில்லை.

பூங்காவனத்தின் கொல்லையில் இப்போது துணி கட்டாத அந்த ஒரே கிழட்டுச் சேவல். ஜூன் மாதத்தில் பெட்டைகளின் முதுகில் குருத்து இறகு முளைத்தது. ஜூன் 21ஆம் தேதி சாம்பல் பெட்டை தானாகவே தரைக்கு இறங்கி முட்டையிட்டது. பூங்காவனம் அதை அவித்துச் சிந்துவுக்குக் கொடுத்தாள். மாத முடிவில் தினம் இரண்டு முட்டை கிடைத்தது.

ஜூலை 10, வியாழக்கிழமை, அரியலூர் ஆஸ்பத்திரியில் காலை 6.40க்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ எழுநூறு. கண்ணையன் போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சார், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பூங்காவனம்தான் நிறுத்தாம அழுவுறா."

ஆகஸ்ட் 15, ஆடி கடைசி வெள்ளியில் செவலையைக் கொடுத்தார்கள். நான் போகவில்லை. அரியமுத்து அன்று அதைப் பிடித்துக் கொடுக்காமல் ஒதுங்கி நின்றார் என்றும், ராஜவேல்தான் பிடித்துக் கொடுத்தார் என்றும் பூங்காவனம் சொன்னாள். "ரெண்டு மாசம் கம்பு போட்ட கை இல்லையா சார்" என்றாள். அவளும் அன்று குழம்பு தொடவில்லையாம்.

அதே மாதம் 20ஆம் தேதி சாம்பல் பெட்டையை பன்னிரண்டு முட்டையில் அடைவைத்தாள். செப்டம்பர் 10ஆம் தேதி பதினொன்று பொரித்தன. நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை நான் ஊசி போடப் போனேன். சிந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முருங்கை நிழலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டைகளின் முதுகில் துணி இல்லை, தேவையும் இல்லை. குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டையைப் பார்த்து எண்ணினேன். பெட்டை நான்கு, சேவல் ஏழு.

"ஏழும்மா. இந்தத் தடவ காலத்தோட குடுத்துடு. டிசம்பருக்குள்ள ஆறு போயிடணும்."

"அஞ்சு போயிடும் சார்."

ஊசி போட ஏழாவதைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. கறுப்புக் குஞ்சு, அறுநூறு கிராம் இருக்கும். காலில் புது மஞ்சள் துணி.

"என்னம்மா இது?"

பூங்காவனம் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிந்துதான் பதில் சொன்னாள்.

"பரணி குரூப் டூ எழுதப்போறான் சார்."

"கோயிலுதான் தொறந்திருக்கே" என்றாள் பூங்காவனம்.

ஊசியைப் போட்டு, குஞ்சைக் கீழே விட்டேன். எழுதிக்கொள்ளும்போது அதன் பெயரைக் கேட்டேன். இன்னும் வைக்கவில்லை, ரிசல்ட் வரட்டும் என்றாள்.